புகையிலைக்குச் சுண்ணாம்பு எதற்கு?

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் முறுக்கான் (வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லுவது) கடைக்காரர் வெற்றிலை மடித்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழகிய ஆள் இரண்டு கடி கடித்துவிட்டு, "அண்ணே, சுண்ணாம்பு கொஞ்சம் கூட்டித் தாரும்" என்று கை நீட்டுவார். புகையிலையைக் கூட்டச் சொல்வதில்லை, சுண்ணாம்பைத்தான். எல்லை தாண்டி பாறசாலையிலும் இதே கதைதான். புகையிலைக்குச் சுண்ணாம்பு எதற்கு என்ற கேள்விக்குள் நல்ல வேதியியல் இருக்கிறது.

போதை தருவது புகையிலையில் உள்ள நிக்கோடின். ஆனால் உலர்ந்த இலையில் அது பெரும்பாலும் அமிலங்களோடு சேர்ந்து உப்பாக, மின்னேற்றத்தோடு இருக்கும். கன்னத்தின் உள்தோல் செல்களைச் சுற்றியிருப்பது கொழுப்புப் படலம். மின்னேற்றம் உள்ள மூலக்கூறு அதைக் கடப்பது கஷ்டம். சுண்ணாம்பு போன்ற காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான பொருள், சேர்ந்தால் மின்னேற்றம் போய், நிக்கோடின் சுலபமாக உள்ளே நுழைகிறது. கணக்காகச் சொன்னால், பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்கு மேல் காரம்) 6 இருக்கும்போது நூற்றில் ஒரு மூலக்கூறுதான் அப்படி விடுபட்டிருக்கும். பிஎச் 8 வந்தால் சுமார் பாதி, 9 வந்தால் பத்துக்கு ஒன்பது. சுண்ணாம்புத் தெளிநீரின் பிஎச் 12-க்கும் மேல். எச்சிலோடு கலந்து நீர்த்த பிறகும் வேலைக்குத் தாராளம். அதே துண்டுப் புகையிலை, சுண்ணாம்பு கூடினால் "பிடிக்கிறது".

சுருட்டுக்காரர் புகையை நெஞ்சுக்குள் இழுக்காமலே திருப்தி அடைவதும் இதனால்தான். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, வாயிலேயே நிக்கோடின் இறங்கிவிடும். சிகரெட் புகை லேசான அமிலம். அது நுரையீரல் வரை போயே ஆக வேண்டும். அங்கிருந்து பத்து, இருபது நொடியில் மூளை. முறுக்கான் அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் ரத்தத்தில் ஏறியது வெகுநேரம் நிற்கும். எது மோசம் என்று டீக்கடையில் சண்டை போடுவது வீண்.

மூளையில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் உட்கார வேண்டிய இடத்தில் நிக்கோடின் உட்காருகிறது, டோபமைன் என்ற இன்னொரு செய்திப் பொருள் சுரக்கிறது, சுகம் தெரிகிறது. தினமும் இப்படி நடந்தால் அந்த இடங்களே எண்ணிக்கையில் கூடிவிடும். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் உள்ள நிக்கோடின் பாதியாகக் குறைகிறது. ராத்திரி தூங்கி எழும்போது பெரும்பகுதி போயிருக்கும். அதனால்தான் பல் தேய்க்கும் முன்பே கை வெற்றிலைச் செல்லத்தைத் தேடுகிறது. "போட்டால்தான் உடம்பு நிதானத்துக்கு வரும்" என்பார்கள். அந்த நிதானக் குறைவை உண்டாக்கியதே முந்தின நாள் போட்டதுதான்.

புற்றுநோய்க்குக் காரணம் வேறு. இலையைப் பதப்படுத்தும்போது நிக்கோடினிலிருந்தும் அதன் உறவுப் பொருள்களிலிருந்தும் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்ப் பொருள்கள் உருவாகின்றன. கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் இடத்திலேயே அவை வேலையைக் காட்டும். "நான் போயிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்று பெருமைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் பாக்கையும் உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. பாக்கு வாயின் உட்சதையை நாராக்கி இறுக்கும். கடைசியில் வாயைத் திறந்து ஒரு உருண்டை சோறு வைக்க முடியாது.

சரி, ஏற்கெனவே போட்டுப் பழகியவர் என்ன செய்வது? வாயைக் காட்ட வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயது கடந்தவர்களின் வாயைக் கண்ணால் சோதித்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

நிறுத்துகிறவர்களுக்கு முதல் சில நாள்தான் கடுமை. எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் நிக்கோடின் சூயிங்கம் உதவும், ஆனால் அதைச் சும்மா மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிச்சம். விழுங்கிய நிக்கோடினில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். மெதுவாக மென்று, மிளகு கடித்தது போன்ற சுவை தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதிலும் காரப்பொருள் சேர்த்திருக்கிறார்கள், முறுக்கானில் சுண்ணாம்பு செய்யும் வேலைக்காகவே. காப்பி, எலுமிச்சைச் சாறு, சோடா பானங்கள் வாயை அமிலமாக்கி அந்த வேலையைக் கெடுத்துவிடும். அதனால் கம் போடும் முன் கால் மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது. வாயில் இருக்கும்போதும் அப்படியே.