ஸ்ட்ராஸ்பர்க் போகுமுன் கோப்பில் சேரவேண்டியவை

சிறுபான்மைக் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலையில் பெரும்பகுதி. வருகிறவர்கள் அநேகமாகக் கேட்பது ஒன்றைத்தான்: ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாமா? போகலாம். ஆனால் வழக்கு அங்கே போய்ச் சேரும்போது கோப்பில் என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு வரும். அந்தக் கோப்பில் பலமான காகிதங்கள் பெரும்பாலும் வேறு அமைப்புகளிடமிருந்து வருபவை. செக் நாட்டில் ரோமா என்ற சிறுபான்மை இனத்துப் பிள்ளைகளின் வழக்கில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும்.

ஓஸ்ட்ராவா நகரில் 1996க்கும் 1999க்கும் இடையில் 18 ரோமா பிள்ளைகள் லேசான மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான ‘சிறப்புப் பள்ளி’களில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பான்மைச் சமூகத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து உருவாக்கிய உளவியல் தேர்வுதான் அளவுகோல். பெற்றோர் சம்மதித்தார்கள் என்றது அரசு. அந்தச் சம்மதம் எப்படிப்பட்டது? முன்கூட்டியே நிரப்பி வைத்த படிவத்தில் ஒரு கையெழுத்து. வேறு என்ன வழி இருக்கிறது, இந்தப் பள்ளிக்குப் போனால் பிள்ளையின் படிப்பு எங்கே நிற்கும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

வழக்கை நடத்தியவர்கள் நகரின் 8 சிறப்புப் பள்ளிகளுக்கும் 69 சாதாரணத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வினாத்தாள் அனுப்பி, தலைமையாசிரியர்களிடமிருந்தே கணக்கு வாங்கினார்கள். சாதாரணப் பள்ளிகளில் ரோமா பிள்ளைகள் 2.26 சதவீதம், சிறப்புப் பள்ளிகளில் 56 சதவீதம். ரோமா அல்லாத பிள்ளையைவிட 27 மடங்கு அதிக வாய்ப்போடு ஒரு ரோமா பிள்ளை அங்கே தள்ளப்பட்டது. இத்தனை இருந்தும் 2006 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் அமர்வு உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்குப் போய், 2007 நவம்பர் 13 அன்று 13க்கு 4 என்ற கணக்கில் வென்றார்கள்.

பெரிய அமர்வு எவற்றையெல்லாம் படித்தது என்று பாருங்கள். தேசியச் சிறுபான்மையினர் பாதுகாப்புக்கான சட்டக உடன்படிக்கையின்படி 1999 ஏப்ரலில் செக் அரசே ஐரோப்பிய கவுன்சிலுக்கு (ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் இதைச் சேர்ந்தது; ஐரோப்பிய ஒன்றியம் வேறு) ஓர் அறிக்கை கொடுத்திருந்தது. சராசரியோ அதற்கு மேலோ அறிவுத்திறன் உள்ள ரோமா பிள்ளைகளே பல நேரம் இந்தப் பள்ளிகளில் சேர்க்கப்படுகிறார்கள், தேர்வுகள் அவர்களைக் கருதி அமைக்கப்படவில்லை என்று அரசே அதில் எழுதியிருந்தது. கூடவே அந்த உடன்படிக்கையின் ஆலோசனைக் குழு, இனவெறிக்கு எதிரான ஐரோப்பிய ஆணையம், மனித உரிமை ஆணையர், ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பு மையம் ஆகியோரின் அறிக்கைகளும் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டன. நேரடியாக யாரும் பாகுபாடு காட்டாவிட்டாலும் விளைவு பாகுபாடாக இருக்கலாம் என்ற கருத்தை ஒன்றியத்தின் சட்டமும் ஏற்கெனவே ஏற்றிருந்தது. ஓரிடத்தில் சொன்ன வாக்குமூலம் வேறோரிடத்தில் சாட்சியானது. அமைப்புகளுக்கு இடையிலான ஒத்துழைப்பு என்று மாநாடுகளில் பேசப்படுவதை நான் மதிப்பது இதற்காகத்தான்.

தீர்ப்புக்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். ஆளுக்கு 4,000 யூரோ இழப்பீடு கிடைத்தது. பள்ளிகள் அப்படி மாறிவிடவில்லை. தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று பார்க்கும், ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்தது. 15 ஆண்டு கடந்த பிறகும் அது மூடப்படவில்லை. ஐரோப்பிய கவுன்சிலால் அதற்கு மேல் அழுத்த முடியாத இடத்தில் ஒன்றியம் வந்தது. இனச் சமத்துவம் பற்றிய 2000ஆம் ஆண்டு உத்தரவை மீறுவதாக 2014 செப்டம்பரில் செக் நாட்டின்மீது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் விதிமீறல் நடவடிக்கை தொடங்கியது. அடுத்த ஆண்டு ஸ்லோவாக்கியா, 2016இல் ஹங்கேரி. செக் நாட்டின் திருத்திய கல்விச் சட்டம் 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து இழுத்ததால்தான் இந்தளவாவது நகர்ந்தது என்பது என் கணிப்பு.

ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு வேலை செய்யும் விதமே வேறு. அதன் தேசியச் சிறுபான்மையினருக்கான உயர் ஆணையர் ஹேக் நகரில் இருந்துகொண்டு, பெரும்பாலும் சத்தமில்லாமல் அரசுகளோடு பேசுபவர். 1993இல் எஸ்டோனியா நாடாளுமன்றம் நிறைவேற்றிய வெளிநாட்டவர் சட்டம் அங்கிருந்த ரஷ்ய மொழிக்காரர்களைக் கலங்கவைத்தது. குடியரசுத் தலைவர் லென்னார்ட் மேரி கையெழுத்திடாமல் சட்டத்தை ஐரோப்பிய அமைப்புகளின் கருத்துக்கு அனுப்பினார். முதல் உயர் ஆணையர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூலும் ஐரோப்பிய கவுன்சில் வல்லுநர்களும் சொன்னவற்றைப் பார்த்தபின் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் தனிநபர் புகாரை உயர் ஆணையர் எடுக்கமாட்டார். அவருடைய பணிவரம்பிலேயே அது இல்லை. அவருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

வியன்னாவில் உள்ள ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமையும் தனிநபர் புகார் வாங்குவதில்லை. ஆனால் அது நடத்தும் கணக்கெடுப்புகள் மனுவில் சேர்க்கத் தக்கவை. அதன் நிர்வாகக் குழுவில் ஐரோப்பிய கவுன்சில் நியமிக்கும் ஒருவரும் உட்காருகிறார். இரண்டு இடமும் ஒரே வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

நம் தமிழர்கள் கவனிக்க வேண்டியது: ‘தேசியச் சிறுபான்மையினர்’ யார் என்று சட்டக உடன்படிக்கை வரையறுக்கவில்லை. தலைமுறைகளாக அந்த மண்ணில் வாழ்ந்த சமூகங்களை மட்டுமே பல நாடுகள் அதில் சேர்க்கின்றன. பிரான்ஸ் அந்த உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை. எனவே புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இனவெறிக்கு எதிரான ஆணையம் நாட்டுக்கு வரும் சமயம்தான் நல்ல வாய்ப்பு. அது தன்னார்வ அமைப்புகளைச் சந்தித்துக் கேட்கிறது. உங்கள் சங்கம் நடந்ததைத் தேதியோடு, பள்ளிக் கடிதங்களின் நகலோடு கொடுத்தால் அதன் அறிக்கையில் இடம்பெறலாம். 2008இல் பிரிட்டனுக்கு எதிராக இலங்கைத் தமிழர் ஒருவர் நாடுகடத்தலைத் தடுத்த வழக்கிலும், ஐ.நா. அகதிகள் ஆணையம் உள்ளிட்டோரின் அறிக்கைகளை ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் விரிவாகவே பரிசீலித்தது.

நீதிமன்றம் போவதானால் உள்நாட்டு மேல்முறையீடுகள் முடிந்திருக்க வேண்டும். இறுதித் தீர்ப்பிலிருந்து நான்கு மாதம்தான் அவகாசம். முன்பு ஆறு மாதம், 2022 பிப்ரவரி முதல் குறைந்துவிட்டது. கட்டணம் கிடையாது. நீதிமன்றத்தின் படிவத்தைக் குறையில்லாமல் நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும். ஒன்றியச் சட்டம் மீறப்பட்டிருந்தால் ஐரோப்பிய ஆணையத்திடம் யாரும் இலவசமாகப் புகார் தரலாம். உங்கள் ஒருவரின் சிக்கலை அது தீர்த்துவைக்காது, ஆனால் ஒரே மாதிரியான புகார்கள் சேரும்போது விதிமீறல் நடவடிக்கைக்கு வழி பிறக்கும்.

தீர்ப்பு வந்த பிறகும் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. அமைச்சர்கள் குழுவின் விதி 9இன்படி, தீர்ப்பு களத்தில் எப்படி நடைமுறையாகிறது என்று தன்னார்வ அமைப்புகள் எழுதி அனுப்பலாம். எல்லாம் சரிசெய்தாயிற்று என்று அரசு எழுதும்போது, எந்த வகுப்பில் எந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் குழுவுக்குச் சொல்ல அந்தக் கடிதம் வேண்டும்.