‘விஷவாயு தாக்கி 3 பேர் பலி’: இந்தத் தலைப்பை எப்படிப் படிப்பது?

தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எவருக்கும் இந்தத் தலைப்பு புதிதல்ல. ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், வாசகம் மட்டும் மாறாது. மாவட்ட நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்துக்கு ஏற்றும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். கழிவுநீர்த் தொட்டி மரணம் என்று செய்தி வந்தால் இந்தத் தலைப்பைக் கை தானாக அடித்துவிடும். யோசிக்காமல் எழுத வருகிற வாக்கியங்களில்தான் நிறைய விஷயம் ஒளிந்திருக்கும் என்பது என் அனுபவம்.

முதலில் இலக்கணம். இந்தத் தலைப்பில் ஒரு வேலையைச் செய்தது யார்? விஷவாயு. அதுதான் ‘தாக்கியது’. செத்தவர்கள் மூன்று பேர். வேறு யாரும் இந்த வாக்கியத்தில் இல்லை. ‘செய்து’ என்ற வாய்பாட்டில் வரும் வினையெச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ‘அவன் வந்து போனான்’ என்றால் வந்தவனும் போனவனும் ஒருவனே. ஆனால் ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்பது போல, ஒன்று காரணம், மற்றது விளைவு என்று இரண்டு எழுவாய்களை அருகருகே வைக்கவும் தமிழில் இடம் உண்டு. பத்திரிகைத் தலைப்புகள் பிழைத்துக் கிடப்பதே இந்த வசதியில்தான். லாரி மோதி பலி, மின்சாரம் பாய்ந்து பலி, சுவர் இடிந்து பலி, பட்டாசு வெடித்து பலி. கடைசிக் காரணத்தை மட்டும் சொல்லிவிட்டு அதற்கு முந்திய எல்லாவற்றையும் விட்டுவிடலாம். வாக்கியம் குறையில்லாமல் நிற்கும்.

தொட்டிக்குள் வாயு இருப்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. மலமும் கழிவும் காற்றில்லாமல் அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேரும், ஆக்சிஜன் குறையும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; அளவு கூடினால் மூக்கின் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைத்தால் அதோடு முடிந்தது. காற்றைவிட கனமான வாயு என்பதால் அது அடியிலேயே தங்கும். முதலாமவர் விழுகிறார், தூக்க இரண்டாமவர் இறங்குகிறார், பின்னால் மூன்றாமவர். தலைப்பில் உள்ள ‘3 பேர்’ பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

சரி, தலைப்பு சின்னது, இடம் இல்லை, உள்ளே செய்தியில் முழு விவரம் இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். உள்ளே போவோம். கீழே இருப்பது நானே எழுதிய மாதிரி. ஆனால் வாரம் தவறாமல் பேப்பர் படிப்பவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் பழக்கமானதாகத்தான் இருக்கும்:

“தனியார் தங்கும் விடுதி ஒன்றில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியில் 3 தொழிலாளர்கள் ஈடுபட்டிருந்தனர். அப்போது எதிர்பாராதவிதமாக விஷவாயு தாக்கியதில் ஒருவர் மயங்கி விழுந்தார். அவரைக் காப்பாற்றும் முயற்சியில் இறங்கிய மற்ற இருவரும் அடுத்தடுத்து மயங்கினர். தகவல் அறிந்து வந்த தீயணைப்புத் துறையினர் மூவரையும் சடலமாக மீட்டனர். இதுகுறித்து போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது.”

‘ஈடுபட்டிருந்தனர்’ என்ற சொல்லைப் பாருங்கள். யோகாவில் ஈடுபடுவோம், அரசியலில் ஈடுபடுவோம், அதே வினைச்சொல். யாரோ கூப்பிட்டார், கூலி பேசினார், மூடியைத் திறந்துவிட்டு இறங்கு என்றார். அந்த யாரோ ஒருவர் இந்த ஒரு சொல்லில் கழன்றுகொள்கிறார். அடுத்தது ‘எதிர்பாராதவிதமாக’. யார் எதிர்பார்க்கவில்லை? இந்த மரணத்தை எதிர்பார்த்து நாடாளுமன்றம் 2013-இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் சட்டம். அதற்கு முன் 1993-இலும் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க ஒன்று போட்டது. இந்த வார்த்தையை நான் பார்த்த மாத்திரத்தில் அடித்துவிடுவேன். அடித்தால் செய்திக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எனக்கு எரிச்சலூட்டும் சொல் ஒன்று உண்டென்றால் அது ‘தனியார்’. செத்துப்போனவரின் பெயர், வயது, தகப்பனார் பெயர், தெருப் பெயர், எத்தனை குழந்தைகள் என்பது வரை செய்தியில் வந்துவிடும். தொட்டிக்குச் சொந்தக்காரர் மட்டும் தனியார் விடுதி, தனியார் மருத்துவமனை, தனியார் நிறுவனம். விளம்பரம் போய்விடும் என்ற பயம் எல்லா இடத்திலும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அவதூறு வழக்கு பயமும் உண்டு, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் முதல் தகவல் அறிக்கையில் உரிமையாளர் பெயர் ஏறிவிட்டால் ‘இன்னார் மீது வழக்குப்பதிவு’ என்று எழுதத் தடை ஒன்றும் கிடையாது. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றம் போன்ற நுண்மையானவற்றுக்கு மட்டும் விலக்கு என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிருபர் அதைத் தேடி எடுக்கலாம். எடுப்பதில்லை. காரணம் சோம்பல் என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வராது. பல ஊர்களில் செய்தி அனுப்புபவர் பகுதிநேர நிருபர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டரிடம் போனில் கேட்டதை ஏழு மணிக்குள் அனுப்பியாக வேண்டும், ராத்திரி வெளியூர் எடிஷன் முடிந்துவிடும். ஆகவே செய்தியில் பேசுவது பெரும்பாலும் காவல் நிலையத்தின் குரல்தான். ‘என்று போலீசார் கூறினர்’ என்ற வாலை டெஸ்க்கில் இடத்துக்காக வெட்டிவிட்டால் அந்தக் குரல் பத்திரிகையின் குரலாகிவிடுகிறது.

‘வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்’ என்பதும் அப்படி ஒரு மூடு வாக்கியம். எந்தப் பிரிவில் வழக்கு? விஷயமே அதில்தான் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற பொதுப் பிரிவு ஒன்று இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106. அதில் மட்டும் போட்டுவிட்டால் இது ஒரு சாலை விபத்து மாதிரி. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு அப்படிப்பட்டதல்ல. எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், ஏஜென்சியும் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆபத்தான துப்புரவு வேலைக்கு ஆளை நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. யாரும் சாகவே வேண்டாம். அப்படி அமர்த்தியதே குற்றம். முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். இந்தச் சட்டத்தில் வழக்கு போடப்பட்டதா இல்லையா என்பது நிருபர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கேட்டால் செய்தியின் எழுவாயே மாறிவிடும்.

சாதி பற்றியும் சொல்ல வேண்டும். கலவரச் செய்தியில் சாதிப் பெயர் போடாமல் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று எழுதும் பழக்கம் எங்களிடம் உண்டு. பதற்றத்தைக் கூட்டக் கூடாது என்பதற்காக வந்தது, அந்த இடத்தில் சரிதான். அதே கை பழக்கத்தில் தொட்டி மரணத்திலும் ‘கூலித் தொழிலாளிகள்’ என்று எழுதி முடிக்கிறோம். இந்த வேலைக்குத் தலைமுறை தலைமுறையாக எந்தச் சமூகங்களை இறக்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ளும் வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் தனிக் குற்றம். அதைப் பேசாமல் விடுவதற்குப் பெயர் நிதானம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், குற்றம் சாட்டப்பட்டவர் வெளிமாநிலத்துக் கட்டடத் தொழிலாளியாக இருந்துவிட்டால் இந்த அடக்கம் எல்லாம் காணாமல் போய்விடும். ‘வடமாநில வாலிபர் கைது’ என்று ஆளின் ஊர்தான் தலைப்பின் முதல் சொல். யாரை எழுவாயில் வைப்பது, யாரை ‘தனியார்’ ஆக்குவது என்பதை நாங்கள் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்வதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது ஒரே பக்கமாகத்தான் சாய்கிறது.

மறுநாள் செய்திக்கு வருவோம். ‘தலா ரூ.30 லட்சம் நிவாரணம் அறிவிப்பு’. நிவாரணம் என்றால் கொடுப்பவரின் கருணை. புயல் நிவாரணம், வெள்ள நிவாரணம் போல. ஆனால் இந்தப் பணம் அந்த வகை இல்லை. 1993 முதல் சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டுபிடித்துத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆக, அது இழப்பீடு. குடும்பத்துக்குச் சட்டப்படி வர வேண்டிய கடன். அறிவித்தவரின் படத்தைப் பெரிதாகப் போட்டு ‘நிவாரணம்’ என்று எழுதும்போது, வரவில்லை என்றால் கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் போகிறது. அரசுத் தரப்பின் சொற்களும் இதே ரகம்தான். 2021-இல் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் வேலையால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய அரசு சொன்னது. சாக்கடை, தொட்டி மரணங்கள் ‘ஆபத்தான துப்புரவுப் பணி’ என்ற வேறு தலைப்பில் போய்விடுவதால் சட்ட நுணுக்கப்படி அந்தப் பதிலும் நின்றுவிடுகிறது!

இது தொட்டியோடு நிற்கிற விவகாரமும் இல்லை. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். ‘கனமழையால் சுவர் இடிந்து’ என்று தொடங்கினால் குற்றவாளி மழை. அந்தச் சுவரைத் தீண்டாமைச் சுவர் என்று அங்கிருந்தவர்கள் சொன்னதை எழுதினால் கதையே வேறு. சிவகாசிப் பக்கத்து வெடிவிபத்துச் செய்திகளில் ‘மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு’ என்பது அச்சில் வார்த்தது போல வரும். ஓர் அறையில் அனுமதித்ததைவிட அதிக ஆள் இருந்தார்களா, உரிமம் வாங்கியவர் உள்குத்தகைக்கு விட்டிருந்தாரா என்பது வந்தால் நான்காம் பத்தியில் வரும், இடம் இருந்தால்.

டெஸ்க்கில் இதைச் சரிசெய்வது அவ்வளவு கஷ்டமா? தலைப்பில் ‘பலி’ ஜெயிப்பதற்கு முக்கியக் காரணம் அதற்கு இரண்டே எழுத்து என்பதுதான். ‘உயிரிழப்பு’ என்று போட்டால் மூன்று ‘காலம்’ (column) அகலத்தில் வரி உடையும். வாட்ஸ்அப்பில் சுற்றும் நியூஸ் கார்டுகளில் அந்த இட நெருக்கடி கிடையாது, ஆனாலும் அங்கேயும் அதே வாசகம் ‘பரிதாபம்’ என்ற கூடுதல் சொல்லோடு வருகிறது. அந்தப் பரிதாபத்தை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். ‘கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட 3 பேர் மரணம்: விடுதி உரிமையாளர் மீது வழக்கு’ என்று வைத்தால் ஒரு வரி கூடுதல், அவ்வளவே. ‘இறக்கப்பட்ட’ என்றதும் யார் இறக்கியது என்ற கேள்வி படிப்பவருக்குத் தானாக வரும். நிருபரிடம் நான் இப்போதெல்லாம் கேட்பது இவ்வளவுதான்: தொட்டி யாருடையது, ஆளைக் கூப்பிட்டது யார், கழிவுநீர் வண்டி ஏன் வரவில்லை, வழக்கு எந்தச் சட்டத்தில். நான்கில் இரண்டுக்காவது பதில் வந்தால்கூட அந்தச் செய்தி வேறாகிவிடுகிறது.

வாசகர்களும் இதே கேள்விகளோடு படிக்கலாம், பதில் இல்லையென்றால் பத்திரிகைக்கு எழுதலாம். அப்படி வரும் கடிதங்களை ஆசிரியர் குழு படிக்கிறது, சந்தேகம் வேண்டாம். அப்புறம் இன்னொன்று. உங்கள் வீட்டுத் தொட்டியும் ஒருநாள் நிறையும். 14420 என்ற எண்ணை அழைத்தால் உரிய வாகனத்தை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வண்டியோடு வந்தவர் ‘அடியில சேறு கட்டிப்போச்சு சார், ஆள் இறங்கினாத்தான் முடியும், ஐந்நூறு ரூபா சேர்த்துக் கொடுங்க’ என்று சொன்னால் மூடியைப் போட்டுவிட்டு அவரை அனுப்பிவிடுங்கள். சட்டம் ‘மறைமுகமாக’ என்று சொல்லும் இடத்தில் அந்த ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தவரும் வருகிறார்.