மாத்திரையோடு ஆலோசனையையும் கேட்டு வாங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் தனியாக இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சர்க்கரை மாத்திரை தீர்ந்தால் வாங்கிவர ஆளில்லை. இப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவும் அரசுத் திட்டம்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது.

சுய உதவிக் குழுவிலிருந்து தேர்வான மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார். அளவு கூடியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வார். நோயை உறுதிசெய்து மருந்து எழுதுவது டாக்டர். அப்புறம் மாத்திரை வீடு தேடி வரும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் முன்னுரிமை. காசு கிடையாது. உங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை என்றால் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், அல்லது 104-க்கு போன் செய்யுங்கள்.

பலரும் மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. சாப்பாடு, நடை பற்றிக் கேட்பதும் உங்கள் உரிமைதான். ‘இனிப்பைத் தொடாதீங்க’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கு நடக்கும்? கல்யாண வீட்டில் கவுனி அரிசி இனிப்பு வந்தால் கை நீளத்தான் செய்யும். கறுப்பரிசிதானே என்று சமாதானம் வேறு. அதில் விழுந்த சீனி கறுப்பில்லையே! ‘ஆச்சி, ராத்திரி எத்தனை இட்லி? ஒன்று குறைச்சுப் பார்ப்போமா?’ என்று கேட்பவரிடம் பேச்சு நகரும். அடுத்த முறை வரும்போது அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை மறைக்காதீர்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மின் மாத்திரை சிலருக்கு வயிற்றைப் புரட்டும், சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள். சொன்னால் டாக்டர் அளவை மாற்றலாம், சாப்பாட்டோடு போடச் சொல்லலாம். விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும்: சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்க்கும், மயக்கம் வரும்.

நடை விஷயத்தில் நம் ஊர் விசித்திரமானது. தைப்பூசத்துக்குப் பழனி வரை நடப்பவர், மறுமாதம் முக்குக் கடைக்கு வண்டி எடுப்பார். வாரத்துக்கு 150 நிமிடம் என்பதுதான் கணக்கு. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. மழை நாளில் வீட்டுக்குள்ளேயே வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி வந்தாலும் சரி.