பி.ஆர்க் சேரும் முன்: எலிவேஷனுக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் போன்களில் பாதி, வீடு கட்டுவதற்காக வருபவை அல்ல. "பொண்ணு நல்லா படம் வரைவா சார், ஆர்க்கிடெக்சர்ல சேர்த்துவிடலாமா?" என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே வீடு கட்டிக் கொடுத்தவர்கள் கேட்பார்கள், அவர்களுடைய சம்பந்தி கேட்பார், முகமே தெரியாத யாராவது கேட்பார்கள்.

நான் திருப்பி ஒன்று கேட்பேன். கடைசியாகப் போன கோயிலில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில் உங்கள் பெண் எதைக் கவனித்தாள்? பெரும்பாலும் பதில் வராது. அது அவர்கள் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டடத்தைப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் பி.ஆர்க் என்ற ஐந்து வருட ஆர்க்கிடெக்சர் படிப்பு நிற்பது அந்தப் பார்வையின் மேல்தான், கை வரையும் அழகின் மேல் அல்ல. இந்தப் படிப்பை நாடு முழுக்க ஒழுங்குபடுத்தும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நடத்தும் நாட்டா நுழைவுத் தேர்விலேயே, அண்மைக்கால முறைப்படி, 200 மதிப்பெண்ணில் வரைதலுக்கு 80தான். மீதி 120 கணக்கு, தர்க்கம், கண்ணால் பார்த்து மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறன் என்று போகிறது. வரையத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் முதல் வருடத்தில் பழகிக்கொள்ளலாம்.

வீடு கட்ட வருகிறவர்கள் போனில் சேர்த்துவைத்த படங்களைக் காட்டுவார்கள். எல்லாமே எலிவேஷன், அதாவது வெளியிலிருந்து தெரியும் முகத் தோற்றம். முகப்பில் நாலு பட்டை, ஒரு கண்ணாடிக் கைப்பிடி, இரவு விளக்கு. "இதே மாதிரி போட்டுடுங்க சார்." அந்தப் படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது, மாடிப்படிக்குக் கீழே தலை இடிக்குமா என்று கேட்டால் நம்மை விசித்திரமாகப் பார்ப்பார்கள். அப்பா அம்மாவின் இந்தப் பார்வையோடுதான் பிள்ளைகளும் கல்லூரிக்கு வருகிறார்கள். அதை மாற்றும் வேலையை செக்‌ஷன் செய்கிறது. பூசணிக்காயை நடுவில் அறுத்த மாதிரி கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டி, உள்ளே இருப்பதைக் காட்டும் வரைபடம் அது. முதல் வருட மாணவர்கள் அதிகம் திணறுவது இதில்தான். அது பிடிபட்டுவிட்டால் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கண் தானாகவே வெட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் பிராகாரத்தில் போய் நின்றால் நிழல் நீளமாகக் கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த மாதிரிப் பொய்ப் புகழ்ச்சிகள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உண்மையான அதிசயத்தை அவை மறைத்துவிடுகின்றன.

அந்த அதிசயம் செக்‌ஷனில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சுமார் 200 அடி உயரத்துக்கு விமானம் ஒரே கல் மலை மாதிரி தெரிகிறது. உள்ளே அது காலி. கருவறைக்கு மேல், உயர உயரக் குறுகிக்கொண்டே போகும் பெரிய வெற்றிடம். அதைத் தாங்குவது ஒரு சுவர் அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுவர்கள். நடுவில் ஓடும் சுற்றுப்பாதையில்தான் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் 1931இல் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தப் பாதைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மேல்தளத்துச் சுற்றில் 108 கரணங்களில் (நாட்டிய நிலைகளில்) 81 மட்டும் செதுக்கப்பட்டு, மீதிக் கற்கள் வெறுமனே நிற்கின்றன. அதற்கும் மேலே ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, இரண்டு சுவர்களையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறார்கள். விமானத்தின் மொத்த எடையும் இந்த இரட்டைச் சுவர் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. சுற்றுவட்டாரத்தில் பாறையே இல்லாத டெல்டா மண்ணில் இவ்வளவு கருங்கல்லையும் தொலைவிலிருந்து கொண்டுவந்து, 1010இல் கலசம் வைத்து முடித்திருக்கிறார்கள். அந்த இரட்டைச் சுவரைத் தெரிந்துகொண்ட பிறகு, வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பதே வேறு அனுபவமாகிவிடுகிறது.

பெரிய கட்டடம் என்றால் உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைத் தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஜப்பானில் பணியாற்றிவந்த ஆர்க்கிடெக்ட் ஆண்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. பின்னாளில் மரச்சாமான்களுக்காக உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நாகஷிமா சைட்டிலேயே இருந்து வேலையைப் பார்த்துக்கொண்டார். 1930களின் இறுதியில், நம் ஊர்களில் கான்கிரீட்டே புதிதாக இருந்த காலத்தில் தொடங்கிய வேலை இது.

அங்கே ஜன்னல் கண்ணாடியே கிடையாது. வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குத் திறந்து மூடும் படுக்கைவாட்டுப் பலகைகள். வடக்கில் நடைபாதை, தெற்கில் அறைகள், இரண்டுக்கும் நடுவே தேக்கு நகர்கதவுகள். அந்தக் கதவின் சட்டங்கள் ஒன்றுவிட்டு ஒன்று முன்னும் பின்னுமாக அமைந்திருப்பதால் காற்று நுழையும், ஆள் தெரியாது. கான்கிரீட் கூரைக்கு மேல் வளைவான மெல்லிய கான்கிரீட் ஓடுகளைக் கவிழ்த்து இடையில் காற்று இடைவெளி விட்டிருக்கிறார்கள். வெயில் சூட்டை மேல் ஓடு வாங்கிக்கொள்கிறது, கீழே இருக்கும் அறைக்கு அது அப்படியே இறங்குவதில்லை. முன் அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் அந்த அனுமதிக்காகக் காத்திருந்தாவது பார்த்துவிட வேண்டும். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஒட்டிவிட்டு ஏசியைக் கூட்டிக்கொண்டே போகும் நம் அலுவலகக் கட்டடங்களை அப்புறம் பார்த்தால் சிரிப்புதான் வரும். கரண்ட் பில் கட்டுகிறவருக்கு வராது.

கல்லூரியில் இந்தப் பார்வை வருவது பாடப் புத்தகத்தால் அல்ல, அளக்கும் டேப்பால். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ ஏதாவது ஒரு பழைய ஊருக்குக் கூட்டிப்போய் வீடுகளை அளந்து வரையச் சொல்வார்கள். டாக்குமென்டேஷன் ட்ரிப் என்று பெயர். செட்டிநாட்டு வீடு ஒன்றை அளக்கும் குழுவைக் கவனித்திருக்கிறேன். முதல் நாள் எல்லோரும் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடி டைல்ஸையும் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நாள் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், இறவாணத்தின் (கூரை விளிம்பின்) உயரத்தை அளக்கும்போதுதான் ஒருத்தி கேட்பாள், "ஏன் சார் இவ்வளவு தாழ்வா இறக்கியிருக்காங்க?" உச்சி வெயில் முற்றத்தோடு நின்றுவிடுவதும், சுற்றுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் கண் கூசாததும், மழைத் தண்ணீர் நாலு பக்கக் கூரையிலிருந்தும் முற்றத்துக்கே வந்து சேர்வதும் அந்த ஒரு அளவில் இருக்கிறது. அவளுக்கு அன்றைக்குத்தான் படிப்பு ஆரம்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். கணிதம் எடுக்காத சயின்ஸ் குரூப் என்றால் முடியாது, இதைப் பத்தாம் வகுப்பு முடித்ததுமே யோசித்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்துதான் ரேங்க் வரும். திருச்சி என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். சேரப்போகும் கல்லூரிக்கு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளப் பட்டியலில் நீங்களே பாருங்கள். அட்மிஷன் கவுன்டரில் இருப்பவரின் வாய்வார்த்தை போதாது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஐந்து வருடம் படித்தால் அந்தப் பதிவு கிடைக்காது.

செலவு கல்லூரிக் கட்டணத்தோடு நிற்காது. மாடலுக்கு அட்டை, ஃபோம், கட்டர், ஏ1 ஷீட் பிரிண்ட், கனமான சாஃப்ட்வேர் ஓடும் லேப்டாப், ஸ்டடி டூர் என்று போய்க்கொண்டே இருக்கும். சப்மிஷன் வாரத்தில் பிள்ளை தூங்காது. ஜூரி என்னும் நேரடி மதிப்பீட்டில் வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் பத்து நிமிடத்தில் மூன்று வார வேலையைப் பிரித்துப்போட்டுவிடுவார், அழுதுகொண்டு வீட்டுக்கு போன் வரும். பதறாதீர்கள். ஆனால் ஜூரியில் வேலையைப் பேசாமல் ஆளைக் கேவலப்படுத்தும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைக் கண்டிப்பு என்று பெற்றோர் சகித்துக்கொள்ளக் கூடாது, எழுத்தில் புகார் கொடுக்கலாம். படித்து முடித்ததும் முதல் சில வருடங்களுக்குச் சம்பளம் ஐடிக்குப் போன நண்பனுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். இதையும் சேரும்போதே சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. விடுமுறையில் ஒரு டேப்பும் நோட்டும் கொடுத்து, சொந்த வீட்டை அளந்து பிளான் போடச் சொல்லுங்கள். அது முடிந்ததும், படிக்கட்டு வழியாக வெட்டி ஒரு செக்‌ஷன். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நாலு தடவை எழுந்து போய் மறுபடி அளக்கிறதா, படிக்கு அடியில் வீணாகும் இடத்தைப் பற்றி வாயைத் திறக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அரை மணி நேரத்தில் நோட்டை மூடிவிட்டுப் போனால், இயற்கைக் காட்சி எவ்வளவு அழகாக வரைந்தாலும் ஒருமுறை யோசிப்பது நல்லது.

கல்லூரி பார்க்கப் போகும்போது வரவேற்பறையோடு திரும்பிவிடாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் மாடி ஸ்டூடியோவுக்குப் போய், விளக்கும் ஃபேனும் போடாமல் மாணவர்கள் உட்கார்ந்து வரைய முடிகிறதா என்று பாருங்கள். கடைசி வருட தீசிஸ் ஷீட்களைக் காட்டச் சொல்லுங்கள். செக்‌ஷனைவிட கம்ப்யூட்டரில் வரைந்த கலர் எலிவேஷன்தான் பெரிதாக மாட்டியிருக்கிறது என்றால் ஏன் என்று அங்கே பாடம் எடுப்பவரிடமே கேளுங்கள்.