கேம்பிங் கிளம்பும் முன் எடைமேடை ஏறுங்கள்

டல்லாஸ் பக்கம் ட்ரெய்லர் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்கு முந்தின நாள், பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகக் கிளம்பிய ஒருவர் பிரேக்கைப் பார்க்கச் சொன்னார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ட்ரெய்லரை மாட்டியிருந்த அவருடைய பிக்கப் ட்ரக் பின்பக்கம் குந்தி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இது 9,000 பவுண்டு இழுக்கும் தம்பி. ட்ரெய்லர் 5,500தானே" என்றார்.

டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். ஆட்களும் சாமான்களும் சேர்த்து 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. ட்ரெய்லரின் முனை, பிக்கப்பின் பின்னால் உள்ள இணைப்பான ஹிட்ச்சை அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட், இந்த 1,480 கணக்கில்தான் சேரும். அப்புறம், 5,500 என்பது கேட்டலாக்கில் போட்ட காலி எடை. 40 காலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டு ஆகிவிடும்.

குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடைக்குப் போனோம். முன்சக்கரம், பின்சக்கரம், ட்ரெய்லர் சக்கரம் மூன்றும் தனித்தனிப் பலகையில் நிற்க வேண்டும். பிறகு ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் எடை போட்டோம். 24 மணி நேரத்துக்குள் அதே இடத்தில் மறுபடி போட்டால் கட்டணம் ரொம்பக் குறைவு.

தனியாக 6,020. ட்ரெய்லரோடு பிக்கப்பின் எடை 6,840. வித்தியாசம் 820, அதுதான் டங் வெயிட். ட்ரெய்லர் சக்கரங்களில் 5,780. ஆக, ட்ரெய்லர் 5,500 அல்ல, 6,600. பிக்கப்பும் அது சுமப்பதும் சேர்ந்த மொத்த வரம்பு 6,580. 260 பவுண்டு கூடுதல். முன்சக்கரத்திலோ, ட்ரெய்லரை மாட்டியதும் 340 பவுண்டு குறைந்திருந்தது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிக்க வேண்டிய சக்கரம் அது!

"அப்போ ட்ரெய்லர் சாமானைப் பின்னால் தள்ளிடலாமா?"

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். டங் வெயிட் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், பக்கத்தில் லாரி கடக்கும்போது ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்; அது பிக்கப்பையும் சேர்த்து இழுத்துப்போடும். எடையைப் பகிரும் ஹிட்ச் நல்லதுதான், முன்சக்கரத்துக்கு எடை திரும்பும். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட ஏறாது.

பிக்கப்பில் இருந்த ஜெனரேட்டரையும் டூல் பாக்ஸையும் ட்ரெய்லர் அச்சுக்கு நேர் மேலே மாற்றினோம். அச்சுக்கு முன்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தோம். தண்ணீரைப் பூங்காவுக்குள் இருக்கும் ரியோ கிராண்ட் வில்லேஜ் முகாமில் பிடித்துக்கொள்ளலாம். மறுபடி எடை போட்டதும் வந்த ரசீதில் பிக்கப்பின் எடை 6,540.

அந்த ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, டயர் காற்றையும் பார்த்துடு தம்பி" என்றார்.