முடிச்சைக் கிள்ளிப் பார்த்தீர்களா?

இந்த விதைப்புப் பட்டத்தில் மட்டும் இது நாலாவது ஆள். முப்பது நாள் நிலக்கடலைச் செடி ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார் ஒரு பெரியவர். இலை கரும்பச்சை, செடி நல்ல கட்டு. "வேரைப் பாருங்க சார், பூரா முடிச்சு. வேரைத் தாக்குற நூற்புழு விழுந்துடுச்சுன்னு உரக்கடையில சொன்னாங்க. அரை ஏக்கருக்குக் குருணை மருந்து போட்டுட்டேன். மீதிக்கும் போடணுமா?"

ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். உள்ளே ரோஸ் நிறம், ரத்தம் கலந்த மாதிரி. "ஐயா, இது உங்களுக்குச் சம்பளம் வாங்காமல் உரம் போடுகிற ஆள். இவனுக்கா மருந்து வைத்தீர்கள்?" என்றேன். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துத் தொலைத்துவிட்டோம். ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் வீடும் வேர்முடிச்சு, நூற்புழு உண்டாக்கும் வீக்கமும் வேர்முடிச்சு. ஒன்று சோறு போடும், மற்றது இருக்கிற சோற்றைத் திருடும். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிவியலாளர் மால்பீகியே பயறுவகை வேரில் இந்த முடிச்சைப் பார்த்துப் படம் வரைந்துவிட்டு, அதை ஏதோ வீக்கம் என்றுதான் நினைத்தார். 1888-இல் ஹாலந்தின் நுண்ணுயிர் ஆய்வாளர் பெய்யெரிங்க் அதற்குள்ளிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்துக் காட்டினார். அதெல்லாம் முடிந்து இத்தனை வருஷம் கழித்தும் கடைக்காரர் செல்போன் படத்தைப் பார்த்து மருந்து எழுதுகிறார் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, வித்தியாசத்தைச் சொல்கிறேன். தயவுசெய்து ஒரு தடவை கையால் செய்து பாருங்கள். வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசுங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும், வேருக்கு ஒன்றும் ஆகாது. நூற்புழு முடிச்சு அப்படி உதிராது, ஏனென்றால் அங்கே வீங்கியிருப்பதே வேர்தான். இழுத்தால் வேரே அறுந்து வரும். இன்னும் சந்தேகமா? பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். ரோஸ், சிவப்பு என்றால் ரைசோபியம் வேலையில் இருக்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருப்பதற்குப் பங்காளி முறை. நூற்புழு வீக்கத்தில் அந்தச் சிவப்பு இருக்கவே இருக்காது.

முடிச்சு ரைசோபியத்துடையதுதான், ஆனால் உள்ளே வெள்ளை என்றால் இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது சோம்பேறி ரகம். பச்சை, பழுப்பு என்றால் காலம் முடிந்தது. காய் முற்றுகிற நேரத்தில் அப்படி ஆவது இயல்பு, அதற்கும் ஓடி வராதீர்கள்.

நூற்புழுவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. தக்காளி, கத்தரி, கொய்யா வேர்களில் பார்த்துச் சலித்துவிட்டேன். ஆனால் அது விழுந்த செடி மேலே காட்டிக்கொடுத்துவிடும்: மஞ்சள், குட்டை, ஈரம் இருந்தும் மத்தியானத்தில் வாட்டம், அதுவும் திட்டுத் திட்டாக. கரும்பச்சையாக நிற்கிற செடிக்கு எதற்கு வைத்தியம்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "விதையோட ரைசோபியம் பாக்டீரியா பொட்டலம் போட்டேன் சார், ஒரு முடிச்சுகூட வரல" என்பவர்கள். பொட்டலம் எங்கே இருந்தது என்று கேட்டால் பைக் பெட்டியில், பத்து நாள். அரசு விதிப்படி தூள் வடிவ உயிர் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். வெயிலில் வெந்த பெட்டிக்குள் அந்த 5 கோடியில் எத்தனை பிழைக்கும்? அடுத்தது, பூஞ்சாணக் கொல்லி, நோய்க் காவலுக்குப் போடும் டிரைக்கோடெர்மா, ரைசோபியம் மூன்றையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலக்குவது. டிரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சாணம், ஐயா! கொல்லிக்கு உங்கள் ஆள், எதிரி ஆள் என்று தெரியுமா?

யூரியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதைப் பிடித்துத் தரத்தான் செடி இந்தக் குடித்தனத்தையே வைக்கிறது. நீங்கள் ஆரம்பத்திலேயே யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு கட்டாது. தட்டில் சோறு வந்து விழும்போது யார் அடுப்பு மூட்டுவார்கள்?

ஆகவே: நிலக்கடலைக்கு என்று அச்சடித்த பொட்டலம்தான் வாங்குங்கள், உளுந்துக்கானது வேண்டாம். காலாவதி தேதியைப் பாருங்கள். ஹெக்டேர் விதைக்கு 200 கிராம் பொட்டலம் 3 போதும். அரிசிக் கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, அதில் பொட்டலத் தூளைக் கரைத்து விதையோடு கலக்குங்கள், சுடு கஞ்சி ஊற்றியவர்களும் உண்டு. நிழலில் அரை மணி உலர்த்தி அன்றைக்கே விதையுங்கள். பூஞ்சாணக் கொல்லி கட்டாயம் என்றால் அதை முதலில் முடித்து, ஒரு நாள் விட்டு அப்புறம் ரைசோபியம். டிரைக்கோடெர்மா போடுகிறீர்கள் என்றால் கொல்லியே வேண்டாம்.

அந்தப் பெரியவர் மீதி நிலத்தை விட்டுவிட்டார். மிச்சக் குருணையைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லையாம், அது வேறு கதை.

என்னிடம் செடி கொண்டுவருபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். செடியைக் கையால் பிடுங்காதீர்கள். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுங்கள். பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். வெறும் வேரை நீட்டி "ஒன்றுமே கட்டலையே சார்" என்பீர்கள், நானும் உங்களோடு வயலுக்கு வந்து குனிந்து தேட வேண்டியிருக்கும்.