வைரஸ் சுமையா, வைரஸ் அளவா?

எச்.ஐ.வி. சிகிச்சை பற்றிய துண்டறிக்கை எதைப் புரட்டினாலும் ‘வைரஸ் சுமை’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் வைரல் லோடு. ‘லோடு’ பழைய ஆங்கிலத்தில் வழி, ஏற்றிச் செல்லுதல் என்று பொருள் தந்து, பிறகு பாரம் ஆனது. ‘வைரஸ்’ லத்தீனில் நஞ்சு. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

மருத்துவத்தில் இது வெறும் கணக்கு: ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில், ஒரு மில்லிலிட்டருக்கு வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. எத்தனை பிரதிகள் உள்ளன என்பது. மாத்திரை தொடங்கிய 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது இந்தியாவில் எச்.ஐ.வி. மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையங்களில் நடைமுறை.

இதில் சுமை எங்கே இருக்கிறது? தமிழில் சுமை என்றால் சுமப்பவருக்குத் தெரிய வேண்டும். கடன் சுமை, பாடச் சுமை எல்லாம் அழுத்துகிறவை. எச்.ஐ.வி.யோ பல ஆண்டுகள் சத்தமில்லாமல் பெருகும். ஆள் தெம்பாக நடமாடும்போதே எண் லட்சத்தைத் தாண்டியிருக்கலாம். அதுவும் போக, வீட்டுக்குப் பாரமாகிவிட்டோமோ என்று குமைகிறவரிடம் ‘உங்கள் சுமை அதிகம்’ என்பது என்ன மரியாதை?

‘வைரஸ் எண்ணிக்கை’ என்று எழுதுபவர்களும் உண்டு. பரவாயில்லை, ஆனால் துல்லியமில்லை. ஒரு வைரஸுக்குள் ஆர்.என்.ஏ. இரண்டு பிரதிகள் இருக்கும். தவிர, நோய் எதிர்ப்புச் செல்களைக் கணக்கிடும் சி.டி.4 எண்ணிக்கை என்று ஏற்கெனவே ஒன்று உண்டு. அது ஏற வேண்டும், இது இறங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் நோயாளி குழம்பத்தான் செய்வார்.

‘வைரஸ் அளவு’ போதும். மருந்தின் அளவோடு குழம்பாதா என்றால், அதற்கு மருந்தளவு என்ற சொல் இருக்கிறது. ‘கண்டறிய முடியாத சுமை’ விடுகதை மாதிரி ஒலிக்கிறது. ‘கண்டறிய முடியாத அளவு’ உடனே புரிகிறது. புரிந்தாக வேண்டிய இடமும் அதுதான். டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து அடங்கிய கூட்டு மாத்திரையை நாள்தோறும் விழுங்கி, அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே நீடித்தால் உடலுறவு வழியே துணைக்குப் பரவாது. ஆனால் வைரஸ் போய்விடவில்லை. சில செல்களுக்குள் பதுங்கியிருக்கும், மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும்.

‘கண்டறிய முடியாத சுமை’யைவிடக் கொடுமை ‘ஒடுக்கப்பட்ட வைரஸ் சுமை’. ஒடுக்கப்பட்ட என்றதும் தமிழருக்கு நினைவு வருவது ஒடுக்கப்பட்ட மக்கள். வைரஸுக்காகப் பரிந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது! ‘வைரஸ் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்று எழுத மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏன்தான் கை வரவில்லையோ.